மல்லாட்டை விளையும் ஊரின் தட்டு

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் கல்யாண மகாலின் அடுக்குகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் களஞ்சியத்தைச் சட்டென்று கடந்து போய்விடுகிறார்கள். தடித்த சுவரும் வளைந்த கூரையும் தவிர அங்கே கண்ணுக்கு விருந்தாக எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கோட்டையின் சரித்திரத்தை நடத்தியது அப்படிப்பட்ட கட்டடங்கள்தாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் இணைத்தவர்கள், சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் மேலேயும் தானியக் கிடங்கு வைத்தார்கள். கிருஷ்ணகிரியில் களஞ்சியங்களோடு எண்ணெயும் நெய்யும் சேமித்த கிணறுகள் என்று இன்றும் சில குழிகளைக் காட்டுகிறார்கள். 1690-இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் மராட்டிய அரசர் ராஜாராமை இங்கே முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-இல்தான். இடையில், 1692-இன் கடைசியில், மராட்டியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் படையோடு வந்து வெளியிலிருந்து வரும் தானியத்தைத் தடுத்தார்கள். முற்றுகை போட்ட முகலாயப் பாளையமே பட்டினி கிடந்து 1693 தொடக்கத்தில் வந்தவாசிக்குப் பின்வாங்கியது. யாரிடம் எத்தனை மாதத்துக்கு நெல் இருக்கிறது என்பதுதான் இந்த மண்ணில் நெடுங்காலம் அரசியலாக இருந்தது. அந்த மண்ணின் மக்கள் இன்று உடல் பருமனோடு மருத்துவமனை வரிசையில் நிற்கிறார்கள் என்றால், அதன் காரணத்தையும் தானியத்தின் வரலாற்றிலிருந்தே தேட வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 40 பேர் கூடுதல் எடை அல்லது பருமன் உடையவர்கள். ஆண்களில் 37 பேர். 2015-16-இல் இந்த எண்கள் 31, 28 என்று இருந்தன. இந்தியச் சராசரி 24-ஐத் தாண்டவில்லை. இதே ஆய்வில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. பருமனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவற்றைச் சேர்த்துச் சொல்வதில்லை. தமிழ்நாட்டுப் பெண்களில் 13 பேருக்கு எடை இருக்கவேண்டிய அளவைவிடக் குறைவு. 53 பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தம் போதவில்லை, ஐந்தில் இரண்டு பங்குப் பெண்களுக்குக் கொழுப்பு கூடுதல்; அப்படியானால் பல பெண்களுக்கு இரண்டும் ஒரே உடலில் சேர்ந்திருக்கக்கூடும். தின்று கொழுத்தவர்கள் என்ற வசை இந்த உடல்களுக்குப் பொருந்தாது. மெலிவும் பருமனும் எதிரெதிர் நோய்கள் என்று நாம் நினைக்கிறோம். தென்னார்க்காட்டின் இந்தப் பகுதியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே தட்டிலிருந்து பிறந்தவை. தட்டில் சோறு நிறைந்து, பருப்பும் பயறும் காயும் ஓரமாய் ஒதுங்கிய நிலை பழைய தலைமுறையை வற்றச் செய்தது. இந்தத் தலைமுறையின் வயிற்றைப் பெருக்கச் செய்கிறது. இதை நிறுவ முடியும் என்று நம்புகிறேன்.

பருமன் இந்நாட்டுக்குப் புதிதல்ல. கோட்டைக் களஞ்சியத்தை ஒட்டி உடற்பயிற்சிக் கூடம் என்று அழைக்கப்படும் ஒரு கட்டடம் இருக்கிறது. உடலை உழைக்கவைக்கத் தனியாக ஒரு கட்டடம் தேவைப்பட்டவர்கள், வாழ்க்கையில் உடலால் உழைக்கத் தேவையில்லாதவர்களும் போர்ப்பயிற்சி எடுத்தவர்களுமே. ஏற்றம் இறைத்தவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டியிருக்கவில்லை. சரக சம்ஹிதை பெருத்த உடலை இகழத்தக்க எட்டு உடல்வகைகளில் ஒன்றாக வைத்து, காரணங்களையும் பட்டியலிடுகிறது: மிகையான உணவு, இனிப்பும் நெய்ப்பும் மிகுந்த பண்டங்கள், உழைப்பின்மை, பகல் தூக்கம், கவலையில்லாத மனம், கூடவே பிறவி இயல்பு. மெலிந்தவனைவிடப் பருத்தவனுக்கு வைத்தியம் பார்ப்பது கடினம் என்றும் அந்நூல் கருதியது. பிறவி இயல்பையும் காரணமாக எண்ணிய அந்த நிதானம் இன்றைய பல அறிவுரைகளில் இல்லை. ஆனாலும் பருமன் வசதி படைத்த சிலரின் நோயாகவே இருந்தது. ஊர் வழக்கே அதற்குச் சாட்சி. வெகுநாள் கழித்துப் பார்ப்பவரிடம் ‘இளைச்சுப் போயிட்டியே’ என்பது கவலை. ‘நல்லா பூசினாப்ல இருக்கே’ என்பது பாராட்டு. சதை போடுவதைப் பாராட்டும் வழக்கம், சதை போட வழியில்லாத ஊர்களில்தான் உருவாகும்.

வழியில்லாத நிலை எப்படியிருந்தது என்பதற்குத் தாது வருஷப் பஞ்சத்தின் ஆவணங்கள் இருக்கின்றன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய அந்தப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலைக்கு வந்த கூலிக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் தானியமும் ஓரணாவும் போதும் என்று ஆங்கிலேய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். நாளெல்லாம் மண் சுமக்கும் மனிதனுக்கு அது போதாது, தானியத்தின் அளவு கூடவேண்டும், அதோடு பருப்பும் காயும் சேரவேண்டும் என்பது அவர் வாதம். 1877-இல் மாகாண அரசு பாதி இறங்கிவந்து, 570 கிராம் தானியமும் 43 கிராம் அளவுக்குப் பருப்பும் என்று படியை உயர்த்தியது. 43 கிராம் பருப்பு என்ற இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன். வயிறு நிறைவது வேறு, உடல் தேறுவது வேறு என்பதை ஓர் அரசு மருத்துவர் பஞ்சத்தின் நடுவில் நின்று சொன்னார் என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

பஞ்சத்துக்கு முன்பே இந்த நிலத்தில் இன்னொரு மாற்றம் தொடங்கிவிட்டது. செஞ்சியைச் சுற்றி ஏரிப்பாசனத்தில் நெல் உண்டு. மற்றபடி இது கம்பும் கேழ்வரகும் வரகும் விளைந்த மேட்டு நிலம். 1840-களிலிருந்து புதுச்சேரித் துறைமுகம் வழியாக மர்சேய் நகரின் எண்ணெய், சோப்பு ஆலைகளுக்கு நிலக்கடலை கப்பலேறத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் தென்னார்க்காடு மாகாணத்தின் முதன்மையான கடலை மாவட்டமாகிவிட்டது. இந்தப் பக்கத்து மக்கள் அதை மல்லாட்டை என்பார்கள். பின்னாளில் திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. ரகங்கள் நாடெங்கும் பரவின. அந்தப் பெயரில் இருப்பதே திண்டிவனம்தான். மல்லாட்டைப் பருப்பில் ஏறத்தாழக் கால் பங்கு புரதம், பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய். எண்ணெய் ஆலைக்கும் கப்பலுக்கும் போனது. புரதம் தங்கிய புண்ணாக்கு மாட்டுக்கும் வயலுக்கும் போனது. கையில் காசு தங்கியது. அந்தக் காசு வாங்கிவந்தது பெரும்பாலும் அரிசி. சிறுதானியம் விளைந்த மேட்டுக்காட்டின் ஒரு பகுதியைப் பணப்பயிர் எடுத்துக்கொள்ள, புரதம் விளைவிக்கும் ஊரிலேயே சோற்றுத் தட்டு நிலைத்தது. விவசாயியின் தவறென்று இதைச் சொல்ல முடியாது. வரியும் வட்டியும் நாணயத்தில் கேட்கப்பட்ட காலத்தில் நாணயம் தரும் பயிரை விதைப்பதே அவருக்குப் புத்திசாலித்தனம்.

அரிசியும் மாறியது. உரலில் குத்தியபோது தவிட்டின் ஒரு பங்காவது மணியில் ஒட்டியிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பரவிய அரைவை ஆலைகள் தவிட்டை முழுக்க நீக்கின. உமியும் தவிடும் போன வெள்ளை அரிசியை உண்ட கடலோர மாவட்டங்களில் பெரிபெரி வந்தது. அதை ஆராயக் குன்னூரில் உட்கார்ந்த மருத்துவர் ராபர்ட் மக்காரிசன் 1920-களில் ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் வெவ்வேறு வட்டாரத்தார் உண்ணும் உணவைத் தனித்தனி எலிக்கூட்டங்களுக்குக் கொடுத்தார். சீக்கியர் உணவு தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. மதராஸ்காரர் உணவு தின்ற எலிகள் எல்லாவற்றிலும் சிறுத்து, எடை குறைந்து இருந்தன. வயிறார அரிசி கிடைத்தும் அவை மெலிந்தன. எலியை மனிதனோடு அப்படியே ஒப்பிடக் கூடாது என்று ஒருவர் மறுக்கலாம், சரிதான். ஆனால் பாலும் பருப்பும் குறைந்து அரிசி மிகுந்த தட்டு உடலைக் கட்டாது என்ற முடிவை அதன்பின் வந்த மனித ஆய்வுகள் கைவிடவில்லை. நூறாண்டுக்கு முன் ‘மெலிந்த உணவு’ என்று பெயரெடுத்த அதே தட்டைத்தான் இன்று பருமனுக்குக் காரணமாகக் காட்டுகிறேன். இது எப்படிப் பொருந்தும்?

இரண்டு விஷயங்கள் மாறின. ஒன்று, சோற்றின் அளவுக்கு இருந்த தடை போயிற்று. 1967-இல் அண்ணா சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி தந்ததில் தொடங்கி, 2006-இல் கிலோ இரண்டு ரூபாய், 2008-இல் ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையில்லா அரிசி என்று வந்த பாதை, தமிழ்நாட்டின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று. இரண்டு, உழைப்பு உடலை விட்டு நகர்ந்தது. நீர் இறைத்த கவலையும் ஏற்றமும் போய் மோட்டார் வந்தது, ஏர் போய் டிராக்டர் வந்தது, உரலும் அம்மியும் போய் மின்சாரம் வந்தது. விலையில்லா அரிசி வந்த அதே 2011-இல்தான் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வீடுகளுக்கு வந்தன. அளவு கூடிய சோறு, குறைந்த உழைப்பு, அதன்மேல் எண்ணெய். 2007-இலிருந்து ரேஷனில் பாமாயிலும் கிடைக்கிறது. பேருந்து நிலையத்துப் பரோட்டாவும் டீக்கடை பஜ்ஜியும் அதே எண்ணெயில் வேகின்றன. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு ஒன்பது கலோரிதான். செக்கில் ஆட்டியதென்றால் கொழுப்பு ஏறாது என்பது வெறும் நம்பிக்கை.

இங்கே ஒரு மறுப்பு எழும். இலவச அரிசிதான் மக்களைக் கெடுத்தது, அதை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று நகரத்து வரவேற்பறைகளில் சொல்கிறார்கள். தாது வருஷத்து ஆவணங்களைப் படித்த எவரும் இதைச் சொல்லக் கூசுவார்கள். ரேஷன் அரிசி பட்டினியை விரட்டியது. அந்தக் கடனை இந்த மாநிலம் மறக்கக் கூடாது. குறை அரிசியில் இல்லை, அதோடு என்ன வருகிறது என்பதில் இருக்கிறது. பெரும்பாலான அட்டைகளுக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி. துவரம் பருப்பு ஒரு கிலோ. நான்கு பேர் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் பருப்பு. கார்னிஷின் போராட்டத்தால் 1877-இல் பஞ்ச நிவாரணக் கூலிக்குக் கிடைத்தது 43 கிராம். கடையில் காசு கொடுத்து வாங்கும் பருப்பை இதில் சேர்க்கவில்லைதான். ஆனால் இலவசமாய் வருவது தட்டின் நடுவில் உட்காரும், காசுக்கு வாங்குவது ஓரத்தில் சுருங்கும். அதேபோல, பெண்கள் மறுபடி உலக்கை பிடிக்கட்டும் என்ற யோசனையையும் ஏற்க முடியாது. அந்த உலக்கை பல தலைமுறைப் பெண்களின் இடுப்பை ஒடித்தது. மிக்சி மிச்சப்படுத்திய நேரத்தில் அவர்கள் அச்சமில்லாமல் நடக்க ஒரு தெரு உண்டா, விளக்கு உண்டா என்று கேட்பதே முறை.

உடலுக்குள் நடப்பது என்ன? தேவைக்கு மேல் வந்த மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்குகிறது. தோலடியில் இடம் போதாதபோது அது வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் தசையிலும் படிகிறது. அங்கே இன்சுலின் வேலை செய்யத் தடையாகிறது. நம்மவர் உடலில் இந்தத் தோலடிக் கிடங்கு சிறியது, தசையும் குறைவு. புனே மருத்துவர் யாஜ்னிக் பிறந்த குழந்தைகளிலேயே இதைக் கண்டார்: எடை குறைவு, ஆனால் அந்த எடைக்குள் கொழுப்பின் பங்கு கூடுதல். 2004-இல் அவரும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் உடல்களையே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 22.3. ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியர் உடலில் 21.2. எனவேதான் இந்தியர்களுக்குப் பி.எம்.ஐ. 23-லேயே கூடுதல் எடை, 25-இல் பருமன், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்று தனி வரம்பு வகுத்தார்கள். பஞ்சங்கள் நம் மரபணுவைச் சேமிக்கப் பழக்கிவிட்டன என்று ஜேம்ஸ் நீல் 1962-இல் சொன்ன கருத்து கேட்கக் கவர்ச்சியானது. ஆனால் அதற்கு இன்றுவரை உறுதியான சான்று சேரவில்லை. கருவில் ஊட்டம் குறைந்த குழந்தை பின்னாளில் சர்க்கரை நோய்க்கு ஆளாகிறது என்று ஹேல்ஸும் பார்க்கரும் 1992-இல் வைத்த கருத்துக்கு ஆதாரம் வலுவானது. ரத்தசோகையுள்ள தாய், எடை குறைந்த பிள்ளை, அந்தப் பிள்ளைக்கு வளர்ந்தபின் விலையில்லா சோறு: செஞ்சி வட்டத்தில் இரண்டு தலைமுறைக் கதையை இப்படிப் படித்தால் மெலிவும் பருமனும் எங்கே கைகோக்கின்றன என்பது தெரியும்.

விளைவுகளை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் ஒன்றாவது இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். 2023-இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் என்றது. ரத்த அழுத்தம், கொழுப்பேறிய கல்லீரல், தூக்கத்தில் மூச்சுத் தடை, முழங்கால் தேய்வு, மாதவிடாய்க் கோளாறு, கர்ப்பகாலச் சர்க்கரை, பதின்மூன்று வகைப் புற்றுநோய்களின் கூடுதல் ஆபத்து எல்லாம் அதே வேரிலிருந்து வருகின்றன. வாயைக் கட்டினால் போதாதா என்பது இங்கே வரும் அடுத்த மறுப்பு. 1944-45-இல் மினசோட்டாவில் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை மாதக்கணக்கில் அரைப்பட்டினி போட்டார். அவர்கள் நாளெல்லாம் சாப்பாட்டையே நினைத்தார்கள். பட்டினி முடிந்ததும் உடலில் கொழுப்பு முன்பிருந்ததைவிடக் கூடிற்று. எடை இறங்கும்போது உடல் அதை முற்றுகையாகவே எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் சுரப்புகளைக் கூட்டி, செலவைக் குறைத்து, களஞ்சியத்தைக் காக்கிறது. மனவுறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூளையின் அடித்தளத்திலிருந்து வரும் பசியை ஆண்டுக்கணக்கில் மனவுறுதி ஒன்றால் மட்டும் வெல்பவர்கள் மிகச் சிலர் என்கிறேன்.

அப்படியானால் மருத்துவம் என்ன செய்யும்? நம்பிக்கை தரும் சான்று சென்னையிலிருந்தே வருகிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் சீர்செய்தவர்களிடம் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரையால் 26.4 சதவீதம். கவனிக்க வேண்டியது, இந்தப் பலன் எடை குறிப்பிடத்தக்க அளவு இறங்காமலேயே கிடைத்தது. எடைக் கருவியின் முள் நகரவில்லை என்று மனம் உடைந்து நடையை விட்டுவிடுகிறவர்களுக்கு இதை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்ல வேண்டும். எடை மிக அதிகமாகி நோய்களும் சேர்ந்தவர்களுக்கு இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை நெடுங்காலப் பலன் தருகிறது. இப்போது வந்திருக்கும் வார ஊசிகள், செமாக்ளூடைடும் டிர்செபடைடும், பசியின் சமிக்ஞையையே தணிக்கின்றன. ஆய்வுகளில் ஒன்றரை ஆண்டுக்குள் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை இறங்கியது. இவற்றைச் சோம்பேறிகளின் குறுக்குவழி என்று ஏளனம் செய்வது தவறு. ஆனால் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. இறங்கும் எடையில் கால் பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை தசையும் பிற திசுக்களும்தான். ஏற்கெனவே தசை குறைந்த உடல், ஏற்கெனவே பருப்பு குறைந்த தட்டு. பசி தணிந்து அந்தத் தட்டில் பாதி உண்டால் முதலில் குறைவது புரதம். 2025 மார்ச்சில் டிர்செபடைடு இந்தியாவுக்கு வந்தபோது தொடக்க அளவுக்கே மாதம் 14,000 ரூபாய் ஆயிற்று. விலை இறங்கும்; தட்டு மாறாமல் ஊசி மட்டும் மலிந்தால் பருத்தவர்கள் பலவீனமானவர்களாகத் திரும்புவார்கள்.

கம்பங்கூழுக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்பவர்களுக்கும் ஒரு பதில் வேண்டும். ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் வழக்கம் இந்தப் பகுதியில் உயிரோடு இருக்கிறது. அன்றாட உணவாக இருந்தது வருஷத்துக்கொரு முறை அம்மனுக்குப் படைக்கும் பொருளாகச் சுருங்கிவிட்டது. கேழ்வரகிலும் கம்பிலும் தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்தும் இரும்பும் சுண்ணாம்பும் கூடுதல். இருந்தாலும் அவையும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு கேழ்வரகை நிரப்பினால் தட்டின் கட்டமைப்பு மாறாது. 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது நல்ல அடி, ஆனால் முதல் அடி. எட்டு கிராம் பருப்பு நாற்பதை எட்டும்வரை தட்டு சீராகாது. அட்டைக்கு ஒரு கிலோ துவரை ஐந்து கிலோவாக வேண்டும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எடைபோடப்படும் மல்லாட்டையில் ஒரு பங்கு, எண்ணெய் ஆலைக்கு லாரி ஏறுவதற்கு முன், இந்த வட்டத்து அங்கன்வாடிகளுக்கும் பள்ளிச் சத்துணவுக் கூடங்களுக்கும் வேகவைத்த பருப்பாகப் போக வேண்டும்.